சத்தம் எங்கே போகிறது?

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு ‘சவுண்டு வரல’ என்று போன் வந்தால், அனுபவமுள்ள சர்வீஸ்காரர் எடுத்த எடுப்பில் ஸ்பீக்கரைப் பற்றி விசாரிக்க மாட்டார். “புதுசா ஏதாவது மாட்டினீங்களா?” என்றுதான் கேட்பார். “ஒண்ணுமே மாட்டலையேண்ணே” என்று பதில் வரும். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் விஷயம் வெளியே வந்துவிடும். பழைய மானிட்டரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க டிவிக்கு வயர் இழுத்திருப்பார்கள். பையன் ஆன்லைன் வகுப்புக்காக ப்ளூடூத் ஹெட்செட் வாங்கி இணைத்திருப்பான்.

இதில் மானிட்டர் கதைதான் மிகச் சாதாரணமாக நடப்பது. பழைய வி.ஜி.ஏ. வயர் படத்தை மட்டுமே சுமந்தது. 2002-ன் இறுதியில் வந்த எச்.டி.எம்.ஐ. வயர் படத்தையும் ஒலியையும் ஒன்றாகவே சுமக்கிறது. அதனால் அந்த வயரை மாட்டியதும் விண்டோஸ், மானிட்டரை ஒரு புதிய ஸ்பீக்கராகவும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பல நேரங்களில் இனி ஒலியை அங்கேதான் அனுப்ப வேண்டும் என்று தானாகவே முடிவும் செய்துவிடுகிறது. அந்த மானிட்டருக்குள் ஸ்பீக்கரே இல்லாமல் இருக்கலாம். பின்பக்கம் ஒரு ஹெட்போன் துளை மட்டும் இருக்கும், அந்தத் துளையை நம்பியே அது தன்னை ஒலிச்சாதனம் என்று சொல்லிக்கொள்ளும். மேசையில் இருக்கும் நல்ல ஸ்பீக்கருக்கு எதுவும் வராது. திரையின் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் சிவப்புக் குறியும் இருக்காது, ஒலியளவு நூறில் நிற்கும். வீட்டில் இருப்பவர்கள் ‘சவுண்ட் கார்டு போயிடுச்சு’ என்று முடிவு கட்டுவார்கள்.

போனது ஒன்றுமில்லை. மடை மாறி அடுத்த வயலுக்குத் தண்ணீர் பாய்கிற மாதிரி, ஒலி வேறு பக்கம் பாய்கிறது. டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தினால், விண்டோஸ் 10-ல் ஒலியளவுக் கோட்டுக்கு மேலேயே ஒரு பெயர் தெரியும். விண்டோஸ் 11-ல் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறியைத் தட்டினால் பெயர்ப் பட்டியலே வரும். அதில் மானிட்டர் கம்பெனியின் பெயர் தேர்வாகியிருந்தால், அதை மாற்றி ‘ஸ்பீக்கர்ஸ்’ என்று இருப்பதைத் தொட வேண்டியதுதான். வேலை முடிந்தது.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. சத்தம் போன கம்ப்யூட்டருக்கு நம் ஊரில் சொல்லப்படும் முதல் வைத்தியம் ‘ஃபார்மட் போட்டுடலாம்’ என்பது. பத்து வருடக் குடும்பப் புகைப்படங்கள், பிள்ளைகளின் புராஜெக்ட், அப்பா தட்டச்சு செய்து வைத்த கணக்கு எல்லாம் இருக்கும் கம்ப்யூட்டரை, ஒரு பெயரைத் தொட்டு மாற்ற வேண்டிய கோளாறுக்காகத் துடைத்தெடுப்பது பெரிய அநியாயம். சத்தம் இல்லாமல் போவதற்கான காரணங்களில் ஃபார்மட் வரை போக வேண்டியவை மிகக் குறைவு.

பாட்டு ஒன்றை ஓடவிட்டால் அந்த ஒலி காதுக்கு வருவதற்குள் பல கைகள் மாறுகிறது. முதலில் அதை ஓடவிடும் நிரல், அது பிரவுசராகவும் இருக்கலாம், வி.எல்.சி.யாகவும் இருக்கலாம். அடுத்து விண்டோஸுக்குள் இருக்கும் மிக்ஸர். எல்லா நிரல்களின் ஒலியையும் அது ஒன்றாகச் சேர்க்கிறது. பிறகு எந்தச் சாதனத்துக்கு அனுப்புவது என்ற தேர்வு. பிறகு டிரைவர், அதாவது அந்தச் சாதனத்தை இயக்கும் சிறு நிரல். பிறகு மதர்போர்டில் இருக்கும் ஒலிச் சிப். எண்களாக வந்ததை மின் அலையாக மாற்றுவது அதன் வேலை. அதன்பின் ஜாக், வயர், ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர், கடைசியில் அதிரும் கூம்பு. இதில் எந்த இடத்தில் அறுந்தாலும் வீட்டில் இருப்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: சத்தம் இல்லை.

ஆகவே பாதையை நடுவில் வெட்டிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடத்தை விண்டோஸே தருகிறது, பலரும் அதைப் பார்ப்பதில்லை. ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸ் போய், கீழே இறங்கி ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ என்பதை அழுத்தினால் பழைய காலத்துப் பெட்டி ஒன்று திறக்கும். ‘பிளேபேக்’ என்ற பக்கத்தில் சாதனங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் வலது ஓரத்திலும் படிக்கட்டு போல அடுக்கிய சாம்பல் நிறக் கோடுகள். ஏதாவது ஒரு பாட்டை ஓடவிட்டுவிட்டு இதைப் பார்க்க வேண்டும். ஒலி எந்தச் சாதனத்துக்குப் போகிறதோ, அதன் பக்கத்தில் இருக்கும் கோடுகள் பச்சையாகித் தாளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும்.

சரியான சாதனத்துக்கு எதிரே பச்சை ஏறி இறங்குகிறது, காதுக்கு மட்டும் எதுவும் வரவில்லை என்றால், விண்டோஸ் தன் வேலையைச் செய்துவிட்டது; கோளாறு அநேகமாக அதற்கு வெளியே ஜாக்கிலோ வயரிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. பச்சை வேறொரு சாதனத்தின் எதிரே ஆடுகிறது என்றால், மேலே சொன்ன மானிட்டர் கதை. எங்குமே ஆடவில்லை என்றால் ஒலி உள்ளேயே நின்றுவிட்டது. இந்த ஒரு பார்வையிலேயே தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். பட்டியலில் ஸ்பீக்கரே காணோம் என்றால், வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து முடக்கப்பட்ட சாதனங்களைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். யாரோ எப்போதோ முடக்கி வைத்தது மங்கலாக வந்து நிற்கும்.

வெளிப்பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்.

விலை குறைந்த மேசை ஸ்பீக்கர்கள் பலவற்றில் இரண்டு வயர்கள் வெளியே வரும். ஒன்றின் முனையில் யூ.எஸ்.பி., இன்னொன்றின் முனையில் 3.5 மி.மீ. பின். யூ.எஸ்.பி. வயர் பெரும்பாலும் மின்சாரத்துக்கு மட்டும்தான், ஒலி வருவது பின் வழியாக. வீடு கூட்டும்போது அந்தப் பின் கழன்று மேசைக்குப் பின்னால் விழுந்திருக்கும். யூ.எஸ்.பி. மாட்டியபடியே இருப்பதால் ஸ்பீக்கரில் நீல விளக்கு எரிந்துகொண்டிருக்கும். விளக்கு எரிகிறதே என்று யாரும் வயரைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

கேபினெட்டின் பின்புறம் வண்ண வண்ணமாக இருக்கும் துளைகளில் ஸ்பீக்கருக்கு உரியது வெளிர்பச்சை. இளஞ்சிவப்பு மைக்குக்கு. வெளிர்நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே எடுப்பதற்கு. மைக்ரோசாஃப்ட்டும் இன்டெலும் சேர்ந்து வகுத்த ‘பி.சி. 99’ வரையறையில் நிலைபெற்ற நிறங்கள் இவை. இருட்டில் கையை நீட்டித் தடவி மாட்டுபவர்களுக்குப் பச்சையும் நீலமும் மாறிவிடுவது மிக எளிது. மாட்டியதும் சில கம்ப்யூட்டர்களில் திரையில் ‘எதை மாட்டினீர்கள்?’ என்று ஒரு பெட்டி கேட்கும். அவசரத்தில் தவறான பதிலைத் தொட்டுவிட்டால், சரியான துளையே மைக் துளையாக மாறி உட்கார்ந்துகொள்ளும். ஒலிச் சிப்புகளில் பல, தங்கள் துளைகளின் வேலையை மாற்றிக்கொள்ளக் கூடியவை.

முன்பக்கத் துளையில் மட்டும் சத்தம் இல்லை, பின்பக்கம் நன்றாக வருகிறது என்றால், தூசி தட்டக் கேபினெட்டைத் திறந்தது எப்போது என்று யோசிக்க வேண்டும். முன்பக்கத் துளைகளிலிருந்து ஒரு மெல்லிய வயர்க்கற்றை வந்து மதர்போர்டின் ஓரத்தில், ஒன்பது ஊசிகள் உள்ள ஒரு சின்ன இடத்தில் செருகப்படுகிறது. மற்ற வயர்களை மாட்டிவிட்டு இதை மறந்துவிடுவது சர்வீஸில் சகஜம். கம்ப்யூட்டர் மற்றபடி ஒழுங்காக ஓடும்.

லேப்டாப்பில் இன்னொரு வகை. ஹெட்போனைக் கழற்றிவிட்டார்கள், ஆனாலும் ஸ்பீக்கர் பேசவில்லை. ஹெட்போன் துளைக்குள்ளே உலோகத்தால் ஆன சிறு வில் ஒன்று இருக்கிறது. பின் உள்ளே போனதும் அது வளைந்து ஒரு தொடுபுள்ளியை மாற்றும். அதைப் பார்த்துத்தான் ‘ஹெட்போன் வந்துவிட்டது, ஸ்பீக்கரை நிறுத்து’ என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. பையில் போட்டு எடுத்துச் செல்லும் லேப்டாப்பின் துளைக்குள் நூல்பிசிறும் தூசியும் போய் அடைந்துவிட்டால், அல்லது அந்த வில் தளர்ந்து அப்படியே நின்றுவிட்டால், பின்னைக் கழற்றிய பிறகும் ஹெட்போன் இருப்பதாகவே அது நம்பிக்கொண்டிருக்கும். பின்னை நாலைந்து முறை மெதுவாகச் செருகி எடுத்தாலே பல நேரம் சரியாகும். இல்லையென்றால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மெல்லிய உலர்ந்த பிரஷ் போதும். சேஃப்டி பின்னையும் ஊசியையும் உள்ளே விட்டுக் குடைவது மட்டும் கூடாது. அந்த வில் ஒருமுறை வளைந்தால் துளையையே மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் விட விசித்திரமானது, குரல் மட்டும் காணாமல் போவது. பாட்டு ஓடுகிறது, தபேலா கேட்கிறது, வயலின் கேட்கிறது, பாடுபவர் எங்கோ கிணற்றுக்குள் இருப்பது போல இருக்கும், அல்லது இருக்கவே மாட்டார். பாட்டுக்கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றை இறக்கினாலும் அதே கதைதான். காரணம் பின்னில் இருக்கிறது. ஹெட்போன் பின்னில் இடது காதுக்கு ஒரு வளையம், வலது காதுக்கு ஒரு வளையம், இரண்டுக்கும் பொதுவாக ஓர் எர்த். பின் முழுவதும் உள்ளே போகாமல் எர்த் தொடர்பு விட்டுப்போனால், இடது வலது இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டுமே காதில் விழும். பாடகர் குரலைப் பொதுவாக நடுவில், அதாவது இரண்டு பக்கமும் சமமாகப் பதிவு செய்வார்கள். சமமாக இருப்பதற்கு வித்தியாசம் ஏது? குரல் கழிந்துவிடுகிறது, ஓரங்களில் பதிவான வாத்தியங்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

செல்போனுக்கு வரும், மைக் சேர்ந்த நான்கு வளைய ஹெட்செட்டிலும் இதே கோளாறு வரும். அவற்றில் எர்த்தும் மைக்கும் இருக்கும் வரிசை இரண்டு விதமாக உண்டு. இப்போது எங்கும் பரவியிருப்பது ஒன்று, பழைய மாடல் போன்கள் சிலவற்றோடு வந்தது இன்னொன்று. வரிசை பொருந்தாத துளையில் மாட்டினால் குரல் மறைந்துவிடும். வயரில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பி வந்து, விட்டால் மறுபடி போகிறதா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம். அந்தப் பொத்தான் மைக் தடத்தையும் எர்த்தையும் இணைக்கிறது. அழுத்தியிருக்கும் நேரம் மட்டும் சுற்று முழுமையாகிறது.

சினிமா பார்க்கும்போது சண்டைச் சத்தமும் பின்னணி இசையும் வந்து வசனம் மட்டும் வராமல் இருந்தால் அது வேறு வியாதி. அங்கே வயரில் குற்றமில்லை. 5.1 முறையில் பதிவான படங்களில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். வீட்டில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். விண்டோஸில் ஆறு ஸ்பீக்கர் இருப்பதாக அமைப்பு மாறியிருந்தால், வசனத்தை இல்லாத ஸ்பீக்கருக்கு அது அனுப்பிக்கொண்டிருக்கும். அதே பிளேபேக் பக்கத்தில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, ‘கான்ஃபிகர்’ அழுத்தி, ஸ்டீரியோ என்று மாற்றினால் நாயகன் பேச ஆரம்பித்துவிடுவார்.

ஒரு காலத்தில் இந்தப் பாதையை மனிதர்களே கையால் போட்டுக் கொடுத்தார்கள். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.க்குள் இருந்தது பீப் ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர் மட்டும். 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ கார்டை வெளியிட்டது. அதை உருவாக்கியவர் சிம் வாங் ஹூ. 2023 ஜனவரியில் காலமானார். பல ஆண்டுகள் வரை ‘சவுண்ட் பிளாஸ்டரோடு ஒத்துப்போகும்’ என்ற வரி இல்லாமல் எந்தக் கார்டும் விற்காது என்ற அளவுக்கு அது தரமாக நின்றது. அந்தக் கார்டுக்கு முகவரி 220, குறுக்கீட்டு எண் 5 அல்லது 7, டி.எம்.ஏ. 1 என்று ஜம்பர்களை மாற்றி வைத்து, அதே எண்களை விளையாட்டுகளிலும் சொல்லிக் கொடுக்க வேண்டும். எண் 7 பிரிண்டர் துளைக்கும் உரியது என்பதால், பிரிண்டருக்கும் பாட்டுக்கும் மோதல் வரும். அன்று சத்தம் வராவிட்டால் காரணம் அநேகமாக ஏதோ ஓர் எண்ணில் இருந்தது. போட்டவருக்கே அது தெரியும்.

1997-ல் இன்டெல் வகுத்த ஏசி 97 தரமும் 2004-ல் வந்த எச்.டி. ஆடியோ தரமும் சவுண்ட் கார்டை மதர்போர்டுக்குள்ளேயே அடக்கிவிட்டன. 2007-ல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி ஒலியளவு கொடுத்தது. பிறகு எச்.டி.எம்.ஐ., யூ.எஸ்.பி., ப்ளூடூத் என்று ஒலி வெளியேறும் வாசல்கள் பெருகின. எந்த வாசலைத் திறப்பது என்ற முடிவைக் கம்ப்யூட்டரே எடுக்கத் தொடங்கியது. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அந்த முடிவு சரிதான் என்றே வைத்துக்கொண்டாலும், தவறும்போது அது யாருக்கும் சொல்லாமல் தவறுகிறது. மானிட்டருக்கு மாற்றிவிட்டேன் என்று ஒரு வரி திரையில் தெளிவாக வந்தால் எத்தனையோ பேருக்கு அலைச்சல் மிச்சமாகும். விண்டோஸை எழுதித் தருபவர்கள் கவனிக்க வேண்டிய குறை இது.

இனி பச்சை ஆடாத நிலை. எல்லா நிரல்களிலும் சத்தம் இல்லையா, ஒன்றில் மட்டும் இல்லையா என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்றில் மட்டும் என்றால் வால்யூம் மிக்ஸரைத் திறக்க வேண்டும். பொது ஒலியளவு நூறில் இருக்கும், அந்த ஒரு நிரலின் கோடு மட்டும் பூஜ்யத்தில் கிடக்கும். ஒவ்வொரு நிரலுக்கும் தனியாக ஒலி வெளியேறும் சாதனத்தையும் அங்கே குறித்து வைக்க முடியும் என்பதால், பிரவுசர் மட்டும் பழைய ஹெட்செட்டையே நம்பிக்கொண்டிருக்கலாம். குரோமில் டேபின் மீது ரைட் கிளிக் செய்தால் அந்தத் தளத்தையே மியூட் செய்யும் வசதி வரும். தெரியாமல் ஒருமுறை தொட்டிருந்தால், அந்தத் தளத்துக்கு எப்போது போனாலும் ஊமைப்படம்தான். ஜூம் போன்ற நிரல்கள் விண்டோஸைக் கேட்காமல் தங்களுக்கென்று ஒரு ஸ்பீக்கரைத் தேர்ந்து வைத்திருக்கும், அதை அவற்றின் உள்ளேதான் மாற்ற முடியும்.

ஒரே ஒரு படத்தில் மட்டும் சத்தம் இல்லை, மற்ற எல்லாம் ஒழுங்காகப் பேசுகிறது என்றால் கோப்பின் ஒலி எந்த முறையில் பதிவாகியிருக்கிறது என்பதில் சிக்கல். டால்பி, டி.டி.எஸ். வகைகளைப் பிரித்தெடுக்கும் திறன் எல்லாப் பிளேயர்களிலும் இருப்பதில்லை. வி.எல்.சி.யில் போட்டுப் பார்த்தால் போதும். பாரிஸில் 1996-ல் ஒரு கல்லூரி மாணவர்களின் புராஜெக்டாகத் தொடங்கி, 2001-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட அந்த நிரல், தனக்கு வேண்டிய பிரிப்பான்களைத் தன்னோடே கொண்டு வருகிறது.

சத்தம் அடியோடு போகாமல் திடீரென்று தாழ்ந்துபோவதும் உண்டு. விண்டோஸ் ஏதோ அழைப்பு வருகிறது என்று நினைத்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைத்துவிடும். யாரும் அமைக்காமலேயே அப்படி அமைந்திருக்கிறது. அதே பழைய பெட்டியில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ பக்கத்துக்குப் போய் ‘ஒன்றும் செய்யாதே’ என்று மாற்றலாம்.

ப்ளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர்களுக்கு வரும் தொல்லை தனி ரகம். பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி என்று ப்ளூடூத்தில் இரண்டு வழிகள். பாட்டு வழியில் ஒலி அருமையாக வரும், மைக் வேலை செய்யாது. பேச்சு வழியில் மைக் வேலை செய்யும், ஒலி பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். விண்டோஸ் 10-ல் ஒரே ஹெட்செட் ‘ஸ்டீரியோ’ என்றும் ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ என்றும் இரண்டு பெயரில் நிற்பது இதனால்தான். மீட்டிங் ஓடும்போது மைக் திறந்ததும் ஹெட்செட் பேச்சு வழிக்குத் தாவிவிடும். பாட்டு வழிக்கு அனுப்பிக்கொண்டிருந்த நிரல் அந்த நேரத்தில் ஊமையாகிவிடும். மைக்குக்கு லேப்டாப்பில் உள்ளதையே வைத்துக்கொண்டு, ஹெட்செட்டைக் கேட்பதற்கு மட்டும் பயன்படுத்தினால் இந்த இழுபறி இல்லை. அறைக்குள் எங்கோ அணைக்காமல் கிடக்கும் பழைய ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானே ஒட்டிக்கொள்வதையும் கவனிக்க வேண்டும்.

எந்த நிரலிலும் சத்தம் இல்லையென்றால் சந்தேகம் டிரைவரின் மீது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு’ என்று எல்லோரும் சொல்வார்கள். 2012-ல் வந்த விண்டோஸ் 8 தொடங்கி, ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி சேர்ந்தது. அது செயல்படும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தால், இயங்குதளத்தின் உட்கருவும் டிரைவர்களும் இருந்த நிலை அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அதே நிலையில் எழுப்பப்படும். சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கியபடியே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆக, அணைத்து அணைத்துப் போட்டும் திரும்பாத சத்தம் ஒரே ஒரு ரீஸ்டார்ட்டில் திரும்புவதில் மாயம் ஏதும் இல்லை.

ரீஸ்டார்ட்டுக்கும் அசையவில்லை என்றால் அப்டேட் எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். 2018 அக்டோபரில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். இன்டெல் ஆடியோ டிரைவர் ஒன்று, 9.21.00.3755 என்ற எண் கொண்டது, போகக் கூடாத கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் விண்டோஸ் அப்டேட் வழியாகத் தவறுதலாகப் போய்ச் சேர்ந்தது. விண்டோஸ் 10 வைத்திருந்தவர்கள் பலருக்குச் சத்தம் நின்றது. மைக்ரோசாஃப்ட் தவறை ஒப்புக்கொண்டு, அந்த டிரைவரை நீக்குவதற்கென்றே அதே மாதம் இன்னொரு அப்டேட் அனுப்பியது. அந்த நாட்களில் ஸ்பீக்கரை மாற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

பிறகும் இப்படி நடந்தது. 2024 டிசம்பரில், டிராக் என்ற ஒலிமேம்பாட்டு மென்பொருள் இருந்த சில கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் போட்டதும், உள்ளே இருக்கும் ஸ்பீக்கரும் ப்ளூடூத் ஹெட்செட்டும் கண்ணுக்கே தெரியாமல் போயின. அந்த வகைக் கம்ப்யூட்டர்களுக்கு அப்பதிப்பு போவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைத்தது. 2025 ஜனவரி அப்டேட்டுக்குப் பிறகு, பழைய யூ.எஸ்.பி. 1.0 ஆடியோ டிரைவரை நம்பியிருந்த வெளி ஒலிக்கருவிகள் ‘கோட் 10’ என்ற பிழை காட்டி நின்றன.

எனவே நேற்று வரை வந்த சத்தம் இன்று காலை அப்டேட்டோடு போனது என்றால், டிவைஸ் மேனேஜரில் ஒலிச் சாதனத்தின் மீது ரைட் கிளிக் செய்து, டிரைவர் பக்கத்தில் ‘ரோல் பேக்’ இருக்கிறதா என்று பார்க்கலாம். பழைய டிரைவருக்கே திரும்பிவிடும். அது மங்கலாக இருந்தால் சாதனத்தை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் தானே தேடிப் போட்டுக்கொள்ளும். புதிய டிரைவர் தேவையென்றால் லேப்டாப் அல்லது மதர்போர்டு தயாரித்த கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து எடுக்க வேண்டும். தேடலில் முதலில் வரும் ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் சரிசெய்கிறோம்’ என்ற விளம்பரங்களை நம்பி எதையும் இறக்கக் கூடாது. ‘உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று வரும் பெட்டிகளும் அப்படித்தான். அந்த எண்ணில் பேசுபவர் கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து திறக்கச் சொல்வார். பிறகு போவது சத்தம் மட்டுமாக இருக்காது.

லினக்ஸ் பற்றிச் சுருக்கமாக. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியோடு பாஸ் லினக்ஸும் வந்ததால், அந்தப் பெயர் இங்கே பல வீடுகளுக்குப் பழக்கம். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து ‘அல்சா மிக்ஸர்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், ஒவ்வொரு தடத்தின் அடியிலும் எழுத்துகள் தெரியும். அங்கே ‘எம் எம்’ என்று இருந்தால் அது மியூட்டில் இருக்கிறது. ‘எம்’ விசையைத் தட்டினால் திறந்துவிடும். மேலே தெரியும் திரைப்பட்டையில் ஒலியளவு நூறு காட்டினாலும் அடியில் இது மூடிக் கிடக்கும்.

இதுவரை சொன்னது எல்லாம் கண் தெரிந்தவர்களுக்கு. பார்வையற்ற ஒருவரின் கம்ப்யூட்டரில் சத்தம் போனால் திரையே போய்விடுகிறது. அவருக்கு எழுத்தைப் படித்துச் சொல்வது என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான். 2006-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற நிரலாளர் தொடங்கியது அது. இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. சத்தம் நின்றதும் ‘ஸ்பீக்கர் படத்தை அழுத்துங்கள்’ என்று அவரிடம் சொல்வதில் பொருளே இல்லை. அந்தப் படம் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டிய குரல்தான் நின்றுவிட்டது. வங்கித் தேர்வுக்குப் படிப்பவர், வீட்டிலிருந்து வேலை செய்பவர், எவராக இருந்தாலும் அன்றைய நாள் அங்கேயே நின்றுவிடும்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு யூ.எஸ்.பி. ஹெட்செட்டை எப்போதும் எட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. மாட்டியதும் விண்டோஸ் பெரும்பாலும் ஒலியை அதற்கு மாற்றிவிடும். மற்றவர்களைத் தொல்லைப்படுத்தும் அதே தானியங்கிப் புத்தி இங்கே கைகொடுக்கிறது. திரைவாசிப்பான் நின்றிருந்தால் கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸுடன் வரும் ‘நரேட்டர்’ பேசத் தொடங்கும். விண்டோஸ் 11-ல் கண்ட்ரோல், விண்டோஸ், வி மூன்றும் ஒலிச் சாதனங்களின் பட்டியலை நேரே திறக்கும். இந்த விசைகளைச் சத்தம் நன்றாக இருக்கும் நாளிலேயே பழகி வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் கண் தெரிந்தவர் இருந்தால் மவுஸைப் பிடுங்கித் தானே செய்துவிடாமல், எந்த விசை எதைச் செய்தது என்று சொல்லிக்கொண்டே செய்வது பெரிய உதவி.

அந்த யூ.எஸ்.பி. ஹெட்செட் கண் தெரிந்தவர்களுக்கும் நல்ல சோதனைக் கருவி. யூ.எஸ்.பி. ஒலிச்சாதனத்துக்குள் அதற்கென்றே தனிச் சிப் இருப்பதால், மதர்போர்டின் ஒலிச் சிப்பைத் தொடாமலே அது பேசும். அதில் சத்தம் வந்து, பச்சைத் துளையில் வராவிட்டால், விண்டோஸின் மிக்ஸரில் குற்றமில்லை. மதர்போர்டின் டிரைவர், சிப், துளை ஆகியவற்றில் ஒன்றுதான். அடுத்து, ஒரு பென்டிரைவில் உபுண்டுவை ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கலாம். அங்கே பச்சைத் துளை பேசினால் சிப்பும் துளையும் நலம், விண்டோஸில் உள்ள டிரைவரைத்தான் பார்க்க வேண்டும். அங்கேயும் பேசாவிட்டால் சிப்போ துளையோ போயிருக்க வாய்ப்பு அதிகம்.

உண்மையிலேயே சிப் போய்விட்டாலும் மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. விரல் அளவு யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்றை மாட்டி, அதில் பழைய ஸ்பீக்கரின் பின்னைச் செருகினால் கம்ப்யூட்டர் இன்னும் பல வருடம் பாடும். கடைக்கே எடுத்துப் போவதாக இருந்தால், பச்சைக் கோடு ஆடியதா, யூ.எஸ்.பி. ஹெட்செட்டில் சத்தம் வந்ததா, எந்தத் தேதியில் நின்றது என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி லேப்டாப்போடு கொடுத்துவிடலாம். ‘என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம்’ என்பதையும் அதே சீட்டில், கொஞ்சம் பெரிய எழுத்தில்.